காணொளி ஆலோசனைக்கு முன் இணைய இணைப்பைச் சோதித்தல்

காணொளி வழியே எங்களைச் சந்திக்கும் நோயாளர் சிலருக்கு, மருந்தளவை நாங்கள் மாற்றிக் கூறும் வேளையில் இணைப்பு அறுந்துவிடுகிறது. பாதி மட்டும் கேட்ட மருந்தளவு தீங்கு விளைவிக்கக்கூடும். ஆகவே, குறித்த நேரத்திற்கு அரை மணி முன்னரே இணைப்பைச் சோதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நோயைப் போலவே பழுதுக்கும் முதலில் அதன் இடத்தைக் கண்டறிய வேண்டும். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

அது திறந்தால், பழுது பெரும்பாலும் கணினியில்தான் உள்ளது. ஏர்பிளேன் மோட் இயங்குகிறதா, சரியான வைஃபையில் இணைந்துள்ளதா எனப் பார்த்து, கணினியை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

திறக்காவிடில், ரவுட்டரின் மின்னிணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்துக் கொடுத்து, சில நிமிடங்கள் காத்திருங்கள். ஃபைபர் இணைப்பில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்பது பொருள். இணைய நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். ரவுட்டரின் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்த வேண்டா. அதன் அமைப்புகள் அழிந்துவிடும்.

படம் மட்டும் தேங்கி நின்றால், ரவுட்டரின் அருகில் அமருங்கள். பிறர் பார்க்கும் காணொளிகளை நிறுத்தச் சொல்லுங்கள்.

எதுவும் பயன் தராவிடில், தொலைபேசியில் அழையுங்கள். 2020இல் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் குரல்வழி ஆலோசனைக்கும் இடமளிக்கின்றன. மருந்தளவை எழுதிக்கொண்டு, எங்களிடம் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

மார்புவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், இணைப்புக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.