துப்பாக்கியும் சட்டமும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தெற்கே டாஸ்மேனியா என்னும் தீவு உள்ளது. அத்தீவில் கடலோரத்தே அமைந்த சிற்றூர் போர்ட் ஆர்தர். முற்காலத்தில் ஆங்கிலேயர் குற்றவாளிகளைச் சிறைவைத்த இடம் அது. பாழடைந்த அச்சிறைக் கட்டடங்களைக் காணப் பயணிகள் பலர் அங்கு வருவது வழக்கம். 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, அவ்வூரில் ஒருவன் துப்பாக்கி ஏந்தி வந்தான். உண்டிருந்தோரையும் உலாவினோரையும் கண்டவாறு சுட்டான். அவனால் மாண்டவர் 35 பேர்.

அந்நாளில் ஆஸ்திரேலியத் தலைமை அமைச்சராக விளங்கியவர் ஜான் ஹவார்டு. அவர் பதவியேற்று இரண்டு திங்களும் நிறைந்தில. படைக்கலம் பற்றிய சட்டமியற்றும் உரிமையோ நடுவண் அரசுக்கு இல்லை, மாநிலங்களுக்கே உரியது. ஆயினும் அவர் மாநில அரசுகளை ஒருங்கு கூட்டினார். மே 10ஆம் நாள், அதாவது பன்னிரண்டே நாள்களில், நாடு முழுவதற்கும் பொதுவானதோர் உடன்பாடு எய்தப்பெற்றது.

அவ்வுடன்பாட்டின் கூறுகள் இவை: அடுத்தடுத்து விரைந்து சுடவல்ல துப்பாக்கிகளைச் சிலர் தவிரப் பிறர் வைத்திருத்தல் கூடாது. துப்பாக்கி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பெறல் வேண்டும். உரிமம் கேட்போர் தக்க காரணம் காட்டுதல் வேண்டும். தற்காப்பு என்பது தக்க காரணமாகக் கொள்ளப்படாது. வாங்க விரும்புவோர் 28 நாள் காத்திருத்தல் வேண்டும். தடைசெய்யப்பெற்ற துப்பாக்கிகளை அரசே விலைகொடுத்து வாங்கியது. அதன்பொருட்டு மருத்துவக் காப்பீட்டு வரி ஓராண்டுக்குச் சிறிது உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் திரட்டி அழிக்கப்பட்டன. உழவரும் வேட்டைப் பழக்கமுடையோரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். சினங்கொண்ட கூட்டமொன்றில் ஹவார்டு ஆடைக்குள் கவசமணிந்து நின்று பேச நேர்ந்தது.

இச்சட்டத்தால் கொலைகள் குறைந்தனவா? இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று.

1979 முதல் 1996 வரையுள்ள பதினெட்டு ஆண்டுகளில், ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒருங்கே சுடப்பட்டு இறந்த நிகழ்ச்சிகள் ஆஸ்திரேலியாவில் 13 நடந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றேனும் இல்லை. நாட்டின் கொலைவீதமும் தாழ்ந்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓரிலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ இருவராக இருந்தது, பின்னர் ஏறத்தாழ ஒருவராகக் குறைந்தது. சட்டமே இதற்குக் காரணம் என்பர் ஒருசாரார்.

மற்றொருசாரார் இதனை உடன்படார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. காக்கை அமர்ந்ததும் உண்மை. பழம் வீழ்ந்ததும் உண்மை. ஆயின் காக்கையால் பழம் வீழ்ந்தது என்பது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டுவது. துப்பாக்கியால் நிகழும் கொலைகள் 1996க்கு முன்பே குறைந்துகொண்டு வந்தன என்பதை அவர் சுட்டுவர். அண்டைநாடாகிய நியூசீலாந்து அத்துணைக் கடுமையான தடை விதிக்கவில்லை. எனினும் 1997க்குப் பின் பல்லாண்டு அங்கும் அத்தகைய கூட்டக்கொலை நிகழவில்லை என்பது அவர் காட்டும் சான்று. ஆயின் 2019ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அந்நாட்டுக் கிறைஸ்ட்சர்ச்சு நகரில் தொழுகைக்குக் கூடியோர்மீது நிகழ்ந்த தாக்குதலில் 51 பேர் இறந்தனர். அடுத்த திங்களிலேயே நியூசீலாந்தும் அவ்வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது.

இருசாரார் கூற்றையும் சீர்தூக்குவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். கொலைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வீட்டுச் சண்டையிலும் தெருப்பூசலிலும் விளையும் கொலைகள் பல. அவற்றுட் பல கத்தியாலும் வெறுங்கையாலும் நிகழ்வன. துப்பாக்கிச் சட்டம் அவற்றைப் பெரிதும் தொடாது. ஒருவன் சில நிமிடங்களிற் பலரை மாய்க்கும் கொடுமையே அச்சட்டத்தின் இலக்கு. அன்றியும், மனமுடைந்து துப்பாக்கியால் தம்முயிரைப் போக்கிக்கொள்வோர் தொகை, துப்பாக்கிகள் மிகுதியாகத் திரட்டப்பட்ட மாநிலங்களில் மிகுதியாகக் குறைந்தமையை ஆராய்ச்சியாளர் சிலர் கண்டனர். கொலைவீதத்தைப் பொறுத்தவரை அத்துணைத் தெளிவான முடிவு கிட்டவில்லை.

சட்டம் தீமையை அடியோடு அகற்றவும் இல்லை. 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்தார் சுடப்பட்டு இறந்தனர். 2025 டிசம்பர் 14ஆம் நாள் சிட்னி நகரத்துப் பாண்டை கடற்கரையில், யூதர் திருவிழாக் கூட்டத்தில் 15 பேர் கொல்லப்பட்டனர். வேலி கட்டியவன் அதனைக் காலந்தோறும் பார்த்துச் செப்பனிடாவிடின், பழுதுபட்ட இடத்தில் மாடு நுழைதல் இயல்பே.

ஒரு சட்டம் பயன் தந்ததா என்பதை விருப்பாலும் வெறுப்பாலும் துணிதல் ஆகாது. சட்டத்திற்கு முன் இருந்த நிலை யாது, அச்சட்டம் இல்லாத நாட்டில் நிகழ்ந்தது யாது, எவ்வகைத் தீமையைத் தடுக்க அஃது எழுந்தது என்னும் மூன்றையும் ஆராய்ந்தே துணிதல் வேண்டும். கணக்கில் ஓர் எண்ணாகத் தோன்றுவது ஒரு வீட்டில் ஓர் உயிராக இருந்தது. ஆதலின், அக்கணக்கைப் பிழையின்றிப் பார்ப்பதும் அறமேயாகும்.