லர்ச்சர் குட்டியை முயலுக்குப் பழக்குதல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லர்ச்சர் தனி இனம் இல்லை, கலப்பு. ஒரு பக்கம் கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி மாதிரி கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய். மறுபக்கம் ஆடு மேய்க்கிற கோலி அல்லது பெட்லிங்டன் டெரியர். காலை ஒரு பக்கத்திலிருந்தும் புத்தியை மறுபக்கத்திலிருந்தும் வாங்கிக்கொள்ளும் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. சில குட்டிகள் மாற்றி வாங்கிக்கொள்ளும். அதற்கு மருந்தில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டுக்குப் பக்கம். மணல் பூமி, வளை தோண்ட லேசாக இருக்கும். நார்மானியர் காலத்தில் வந்த முயல்களை இங்கே கரை கட்டி இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்த்தார்கள். முயல் காவல்காரன் தங்கிய கல் வீடு, 1400 வாக்கில் கட்டியது, இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. காவல் போனது, முயல் போகவில்லை. பார்லியும் சர்க்கரை பீட்டும் போடுகிறவர்களுக்கு இன்று அது பயிருக்குப் பகை. நிலத்தில் முயலைக் கட்டுப்படுத்துவது நிலம் வைத்திருப்பவரின் கடமை என்றே 1954-இல் சட்டம் வந்தது. அதனால்தான் என் மணிக்கு வேலை கிடைத்தது.

மணியின் தாய் விப்பெட்; தகப்பன் பெட்லிங்டனும் கிரேஹவுண்டும் கலந்தவன். துரத்த அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலாம் மாதத்தில் காற்றில் பறந்த பிளாஸ்டிக் பையை அவனே விரட்டிப் பிடித்தான். இரண்டு வருடமாக நான் பழக்கியதெல்லாம் துரத்தாமல் இருப்பதற்கு.

முதலில் சட்டம்

செய்யுங்கள்: நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாயை வைத்துக் காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எலிக்கும் முயலுக்கும் விலக்கு உண்டு, ஆனால் சொந்த நிலமாகவோ அனுமதி பெற்ற நிலமாகவோ இருக்க வேண்டும். அந்தக் காகிதம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் விளக்கும் நாயுமாக வயலில் நிற்பவனைப் பார்த்தால் யாராவது போலீஸைக் கூப்பிடத்தான் செய்வார்கள். என்னைப் பார்த்து இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

செய்யாதீர்கள்: முயல் என்று கேட்டதும் எல்லா முயலும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். தமிழில் ஒரே சொல். இங்கே இரண்டு பிராணி. கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலின் காட்டு உறவுதான் வளையில் வாழ்கிற சின்ன முயல். விலக்கு அதற்கு மட்டும். மற்றது நம்மூர்க் கரிசலில் பதுங்குகிற முயலுக்குச் சொந்தக்காரன்: நீண்ட கால், கறுப்பு நுனிக் காது, வளை தோண்டாது, திறந்த வயலில் படுக்கும். அதன் பின்னால் நாயை விடுவது குற்றம். அடுத்தவர் நிலத்தில் நாயோடு அதைத் தேடி நுழைந்தால் 2022 முதல் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது, ஆறு மாதம் வரை சிறை, நாய் வைத்துக்கொள்ளவும் தடை விதிக்கலாம். இதை உங்களுக்குச் சொல்வது சுலபம். நாய்க்குச் சொல்லத்தான் அடுத்து வரும் அத்தனை பாடும்.

வீட்டுக்குள், முதல் ஆறு மாதம்

செய்யுங்கள்: எடுத்துவரப் பழக்க நடைபாதையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் சுவர், கடைசியில் மூடிய கதவு, இந்தப் பக்கம் நீங்கள். பழைய சாக்ஸைச் சுருட்டி எறிந்தால், கவ்விக்கொண்டு வருவதற்கு உங்களைத் தவிர வேறு திசையே இருக்காது. ஒரு நாளைக்கு மூன்று எறிதல், அதற்கு மேல் வேண்டாம். நாலாவதற்கு ஆசை இருக்கும்போதே நிறுத்தினால்தான் நாளைக்கும் ஆசை இருக்கும். பிறகு அதே சாக்ஸின் மேல் காய்ந்த முயல்தோலைச் சுற்றித் தையுங்கள்.

செய்யாதீர்கள்: கொண்டுவந்ததும் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். முதலில் தடவிக்கொடுங்கள், கொஞ்ச நேரம் அதுவே வைத்திருக்கட்டும். பிடுங்கிப் பிடுங்கிப் பழகிய குட்டி, நாளைக்கு முயலையும் இறுக்கிக் கடித்து நொறுக்கும். கயிறிழுக்கும் விளையாட்டும் அப்படித்தான். பல் விழுந்து முளைக்கிற நாலு முதல் ஆறு மாதத்தில் ஈறு வலிக்கும். அந்தச் சமயம் எடுத்துவரும் பாடத்தையே தள்ளிப்போடுங்கள்.

செய்யுங்கள்: கட்டளைச் சொற்களைக் காதால் தேர்ந்தெடுங்கள். நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். தமிழ் நாய்க்குத் தமிழில்தான் பேசுவேன் என்ற பெருமையில் ‘பிடி’, ‘விடு’ என்று இரண்டு சொல் வைத்தேன். எழுதினால் நேர் எதிர்ச் சொற்கள். முப்பது கெஜத்துக்கு அப்பால், எதிர்க்காற்றில், கத்திச் சொன்னால் நாய்க்கு இரண்டும் ஒன்று. பதினோராம் மாதத்தில் ஒரு காலை, பீட் வயலோரம் காலடியிலிருந்து அந்தக் கறுப்பு நுனிக் காதுக்காரன் எழுந்தான். ‘விடு! விடு!’ என்று கத்தினேன். மணி ஒருமுறை திரும்பிப் பார்த்தான், கண்ணில் நன்றி மின்னியது, இரண்டு மடங்கு வேகமெடுத்தான். அவனுக்கு நான் உற்சாகமூட்டியதாகத்தான் பட்டிருக்கும். நல்லவேளை, அந்த வயதில் காட்டுமுயலைப் பிடிக்கிற கால் அவனுக்கு இல்லை. நாக்குத் தொங்க இருபது நிமிஷம் கழித்து வந்தான்.

அன்றோடு ‘பிடி’யை எடுத்துவிட்டேன். இப்போது போகச் சொல்ல சொல்லே கிடையாது; வார் கழன்றால் போகலாம். நிறுத்த ‘வேணாம்’, நீட்டி. உட்கார ‘இரு’. வர விசில்.

விசிலைப் பற்றி ஒரு வார்த்தை: ஆக்மி விசிலுக்கு எண் உண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே சுருதி. தொலைந்தால் அதே எண்ணை வாங்கலாம்; நாய்க்கு வித்தியாசம் தெரியாது. தொண்டை அப்படியில்லை. கோபத்திலும் பயத்திலும் நம் குரல் மாறுவதை நாய் உடனே கண்டுபிடித்துவிடும்.

செய்யாதீர்கள்: தாமதமாக வந்த நாயை அடிக்காதீர்கள், திட்டக்கூட வேண்டாம். ஓடியதற்கு அடி என்று உங்கள் கணக்கு. வந்ததற்கு அடி என்று அதன் கணக்கு. அந்த இருபது நிமிஷத்துக்குப் பிறகு மணிக்கு நான் கொடுத்தது அவித்த கோழித் துண்டு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

ஆறு முதல் பதினாலு மாதம்

இந்தக் காலத்தில் செய்யக்கூடாதவைதான் அதிகம்.

முயலுக்கு விடாதீர்கள். கால் நீண்டு ஆள் மாதிரி நிற்கும். ஆனால் எலும்பு நுனிகள் இறுக ஏறக்குறைய ஒரு வயதாகும், பெரிய உருப்படிகளுக்கு அதற்கு மேலும். அதற்குள் முழு வேகத்தில் திருப்பி ஓடவிட்டால் தோள், மணிக்கட்டு போகும். பிடிக்க முடியாத முயலைத் திரும்பத் திரும்பத் துரத்திய குட்டி ஓடிக்கொண்டே குரைக்கப் பழகும் என்பார்கள். லர்ச்சர்காரர்களுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. குரைத்தால் வயலில் உள்ள அத்தனை முயலும் வளைக்குள் போய்விடும்.

வேறு நாயோடு சேர்த்து ஓடவிடாதீர்கள். இரண்டும் ஒரே முயலின் மேல் கண் வைத்து எதிரெதிரே வந்தால் நடுவில் மோதும். கழுத்து முறிந்த நாயைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

உயர வேலி தாண்டப் பழக்காதீர்கள்.

அடுத்தவர் வீட்டு நாய் எட்டு மாதத்திலேயே பதினைந்து முயல் பிடித்தது என்று கேட்டு மனம் தளராதீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் இந்த ஊரிலும் உண்டு.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அதற்கே நாள் பூராவும் வேண்டும். ஆட்டுக்கு நடுவே, கோழிக்கு நடுவே, வாத்துக் குளத்தோரம் வாரில் கட்டி நடத்துங்கள். ஆட்டைப் பார்த்து வார் விறைத்தால் ‘வேணாம்’ சொல்லித் திரும்பி நடங்கள். ஆடு புல் மாதிரி, பார்க்க ஒன்றுமில்லாத பொருள் என்று அதன் மண்டையில் ஏற வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் ஆட்டை நாய் விரட்டினாலே 1953 சட்டப்படி உரிமையாளர் குற்றவாளி. வேறு வழியில்லாமல் விவசாயி நாயைச் சுட்டுவிட்டால் 1971 சட்டம் அவர் பக்கம் நிற்கும். எனக்கு இதெல்லாம் சொல்லித்தந்த பெரியவர், ஓய்வுபெற்ற வேட்டைக்காவலர், மூன்று வாரம் மணியை ஆட்டுப்பட்டி வாசலில் தன் கால்மாட்டில் படுக்கவைத்துச் செய்தித்தாள் படித்தார். அதுதான் பாடம். நாலாவது வாரம் ஓர் ஆட்டுக்குட்டி வந்து மணியின் மூக்கை மோந்தது. மணி கொட்டாவி விட்டான்.

முதல் முயல்

செய்யுங்கள்: இலையுதிர்காலம் வரட்டும். வசந்தத்திலும் கோடையிலும் முயல் குட்டி போட்டிருக்கும், புல் உயரமாக நிற்கும், தரையில் கூடு கட்டுகிற பறவைகள் முட்டையில் இருக்கும், வெயிலில் நாய் சீக்கிரம் சூடேறி விழும்.

செய்யுங்கள்: ஃபெரட்டோடு தொடங்குங்கள். நம் கீரி மாதிரி நீளமான பிராணி, வளைக்குள் விட்டால் முயலை வெளியே தள்ளும். வாய்களில் எல்லாம் சின்னச் சுருக்கு வலை விரித்திருக்கும். தப்பி வருவது நாய்க்கு. குட்டியாக இருக்கும்போதே கூண்டின் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டையும் பழகவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வேட்டையில் நாய் ஃபெரட்டைக் கொண்டுவந்து பெருமையோடு கையில் கொடுக்கும்.

இதில் நாய்க்குக் கிடைக்கிற படிப்பு பெரிது. எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று மூக்கு சொல்லும். வெற்று வளையை மணி ஒரு மூச்சில் தாண்டிவிடுவான். உள்ளே முயல் இருந்தால் ஒரு முன்னங்காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, காதின் பெட்லிங்டன் முடி மட்டும் நடுங்க நிற்பான். அப்போது ‘இரு’. மண்ணுக்கடியில் தடதடவென்று ஓசை கேட்கும். அந்த ஓசைக்கும் முயல் வெளியே வருவதற்கும் இடையில் நாய் உட்கார்ந்திருக்க முடிந்தால், அதுவரை செய்த வேலை பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம். நடுக்கம் உடம்பெல்லாம் ஓடும். பின்பக்கம் தரையை விட்டு எழாது.

செய்யுங்கள்: நாய் கொண்டுவந்த முயல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஒரு நொடியில் கழுத்தை விலக்கி முடிக்க, நாயோடு இறங்குவதற்கு முன்பே தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தடுமாறுகிறவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

செய்யாதீர்கள்: முதல் நாளில் இரண்டு முயல் கிடைத்துவிட்டால் மூன்றாவதற்கு ஆசைப்படாதீர்கள். வீட்டுக்குப் போங்கள்.

விளக்கோடு, இரவில்

செய்யுங்கள்: பகலில் அந்த வயலை முழுக்க நடந்து பாருங்கள். முள்கம்பி, உடைந்த ஏர், அறுவடைக் கட்டைகள் எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கு ஒளியில் முழு வேகத்தில் ஓடுகிற நாய்க்குக் கம்பி தெரியாது. வேலிக்குப் பக்கத்து முயலை விட்டுவிடுங்கள்.

செய்யுங்கள்: நிலா இல்லாத, காற்று இரைகிற இரவாகப் பாருங்கள், காற்று உங்கள் முகத்தில் அடிக்கட்டும். சுருக்கு வாரின் ஒரு நுனியை மட்டும் விட்டால் சத்தமில்லாமல் கழலும். முயல் வளையை நோக்கி நேராக ஓடுகிறதென்றால் விடாதீர்கள். அது ஜெயித்துவிடும், நாய் கெட்டுவிடும். வளைக்கும் முயலுக்கும் நடுவில் நீங்கள் இருக்கும்போது விடுங்கள். நாய் கவ்வியதும் ஒளியை உங்கள் காலடிக்கு இறக்குங்கள். அந்த வெளிச்சத்துக்கு வந்து சேரும்.

செய்யாதீர்கள்: வயலில் தூரத்துக் கண்ணெல்லாம் முயல் என்று விடாதீர்கள். ஆட்டுக்கும் நரிக்கும் பூனைக்கும் கண் மின்னும். உடம்பு தெரியாமல் வாரை விடக்கூடாது.

செய்யாதீர்கள்: உறைபனி இறுகிய தரையில் ஓட்டாதீர்கள்; கால்விரல் முறியும். இளம் நாய்க்கு ஓர் இரவில் மூன்று, நாலு ஓட்டம் போதும். ஓடி முடித்ததும் வாளி நிறையத் தண்ணீர் வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொழுப்பும் முடியும் குறைந்த உடம்பு, காரில் ஏற்றும்போது கம்பளி போர்த்துங்கள்.

இன்னும் சில

கண் வீங்கி, சீழ் கட்டி, ஓடத் தெரியாமல் வட்டமடிக்கிற முயலைக் குட்டிக்குக் காட்டாதீர்கள். 1953-இல் கென்ட் பக்கம் வந்து பிரிட்டனின் முயல்களில் பெரும்பகுதியைக் கொன்ற மிக்ஸோமடோசிஸ் நோய் அது. நாய்க்குத் தொற்றாது. ஆனால் நோஞ்சானைப் பிடித்துப் பழகிய குட்டிக்கு ஓடுகிற முயல் மேல் சலிப்பு வரும்.

பச்சை முயலின் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடாதீர்கள். நாடாப்புழு அதில்தான் வருகிறது. புழுமருந்து நாள் தவறக்கூடாது.

ஊரில் சிப்பிப்பாறையோ கன்னியோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வயலுக்குக் கிளம்ப வேண்டாம். அவையும் இதே மாதிரி கண்ணால் ஓடுகிற நாய்கள்தான், முயலுக்குப் பேர் போனவைதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே முயல் வேட்டை குற்றம், பாரி வேட்டை என்று சாமி பேரைச் சொன்னாலும். முயல்தோல் சுற்றிய சாக்ஸுக்குப் பதில் பழைய துண்டைச் சுருட்டிக்கொண்டு ‘இரு’, ‘வேணாம்’ பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெரு ஆட்டுக்காரர் நன்றி சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். முள் சிறியதாக இருக்கும், நாய் நொண்டாது, இரண்டு நாளில் வீங்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மணி மூன்று காலைத் தானே நீட்டுவான். நாலாவதை வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொள்வான். முள் அதில்தான் இருக்கும்.