துல்லியத்திற்குச் சான்று

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம், கோலாலம்பூர்–ஜொகூர் பாரு பழைய சாலையும் பத்து பகாட்–குளுவாங் சாலையும் சந்திக்கும் ஊராகும். பயணிகள் இங்கு இறங்கி, மட்பாண்டங்களைப் பார்வையிட்டுத் தின்பண்டங்களை வாங்கிச் செல்வது வழக்கம். முன்பின் அறியாத கடைக்காரர் நிறுத்துக் கொடுக்கும் ஒரு கிலோகிராமை அவர்கள் எப்படி நம்புகின்றனர்? 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தின்படி, வணிகத்தில் பயன்படும் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு அதைச் சரிபார்த்திருப்பதே அந்த நம்பிக்கையின் அடிப்படை.

பல்லாயிரம் ரிங்கிட் விலையுள்ள இயந்திரக் கைக்கடிகாரங்களுக்கும் இத்தகைய சோதனை உண்டு. அவற்றுள் மின்கலம் இராது. முறுக்கி வைத்த சுருள்வில் ஆற்றலைத் தருகிறது. சிறு சக்கரம் ஒன்று இருபுறமும் ஆடி நேரத்தைப் பகுக்கிறது. இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் இச்சக்கரம் மணிக்கு 28,800 முறை, அதாவது நாளொன்றுக்கு 691,200 முறை ஆடுகிறது. வெப்பநிலை மாறினாலும், கடிகாரத்தைக் கிடத்தி வைத்தாலும், காந்தம் அருகில் வந்தாலும் அந்த ஆட்டம் சற்றே மாறும். எனவே, 'எங்கள் கடிகாரம் துல்லியமானது' என்று தயாரிப்பாளர் கூறினால் மட்டும் போதாது.

ஒரு காலத்தில் கடிகாரத்தின் துல்லியம் உயிர்காக்கும் தேவையாக இருந்தது. 1707ஆம் ஆண்டில், தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலில் கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்பதை அறிய, புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் சரியாகத் தெரிய வேண்டும். பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. ஆகவே, நிலநடுக்கோட்டின் அருகே கடிகாரம் 4 விநாடி பிழைத்தால் கப்பலின் இருப்பிடம் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் பிழைக்கும். இச்சிக்கலைத் தீர்ப்போருக்கு 1714ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. தச்சராக இருந்து கடிகாரக் கலைஞரான ஜான் ஹாரிசன் உருவாக்கிய கடிகாரம், 1761ஆம் ஆண்டு தொடங்கிய கடற்பயணத்தில் தன் திறனை மெய்ப்பித்தது.

அக்காலத்தில் விண்மீன்களைக் கொண்டு நேரத்தைக் கணித்தவை வானாய்வகங்களே. கடற்பயணத்திற்கு உதவும் நோக்கில் 1792ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்திலும் ஒரு வானாய்வகம் அமைந்தது. பின்னாளில் ஐரோப்பிய வானாய்வகங்கள் கடிகாரங்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கின. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ வானாய்வகம், 45 நாள் சோதனைக்குப் பிறகு, ரோலெக்ஸ் கைக்கடிகாரம் ஒன்றுக்கு முதல் வகைச் சான்றிதழ் அளித்தது. சிறிய கைக்கடிகாரமும் துல்லியமாக ஓடும் என்பது அதனால் உறுதியானது.

இன்று அப்பணியைச் சுவிட்சர்லாந்தில் 1973ஆம் ஆண்டில் தோன்றிய 'கோஸ்க்' என்னும் அமைப்பு செய்கிறது. கடிகாரத்தின் இயந்திரப் பகுதி 15 நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 பாகை செல்சியஸ் வெப்பநிலைகளில் சோதிக்கப்படுகிறது. வழக்கமான அளவுள்ள இயந்திரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடிக்கு மேல் பிந்தவோ 6 விநாடிக்கு மேல் முந்தவோ கூடாது. இவ்வாறு தேறிய சுவிஸ் கடிகாரமே 'குரோனோமீட்டர்' என்னும் பெயரைத் தாங்க இயலும். 2015ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் அளவியல் கழகமான 'மேட்டாஸ்', முழுக் கடிகாரத்தையும் 15,000 காஸ் காந்தப்புலத்துக்கு உட்படுத்தும் கடுமையான சோதனையையும் நடத்துகிறது.

ஆயினும், ஓர் உண்மையை மறத்தல் கூடாது. விலை மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்திற்கு ஏறத்தாழ 15 விநாடி மட்டுமே பிழைக்கும். சான்று பெற்ற இயந்திரக் கடிகாரமோ மூன்றே நாளில் அந்த அளவுக்கு முந்தலாம். நேரம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் கைத்தொலைபேசியே போதும். அப்படியானால் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? பற்சக்கரங்களாலும் சுருள்வில்லாலும் மட்டுமே இயங்கும் ஒரு பொருள் இத்தனை நுட்பமாக ஓடுகிறது என்பதை, அதை விற்காத ஒருவர் அளந்து சொல்வதே அதன் மதிப்பு. விலை உயர உயர விளம்பரச் சொற்களும் கூடுகின்றன. அவற்றிடையே எண்களால் பேசுவது சான்றிதழே.

சான்றிதழுக்கும் எல்லை உண்டு. அது சோதனை நாள்களின் நிலையை மட்டுமே கூறும். கடிகாரம் கீழே விழுந்தாலோ அதனுள் இட்ட எண்ணெய் காய்ந்தாலோ துல்லியம் குறையும். அதனால், குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை அதைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். மேலும், சான்று பெறாத கடிகாரங்கள் அனைத்தும் தரமற்றவை ஆகா. அவை சோதனைக்கு அனுப்பப்படாமலும் இருக்கலாம்.

ஆகவே, எந்தச் சான்றிதழைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புவது நல்லது. சோதித்தவர் யார்? எதைச் சோதித்தார்? எந்த அளவுகோலால் சோதித்தார்? ஆயர் ஈத்தாம் கடையின் தராசு முதல் சுவிட்சர்லாந்துக் கடிகாரம் வரை, இவற்றுக்கு விடை தெரிந்தவரே ஏமாறாமல் பொருள் வாங்குவார்.