மூக்கடைப்பும் கைவைத்தியமும்: எது தணிக்கும், எது தீங்கு செய்யும்?

“எனக்கு சைனஸ் இருக்கிறது” என்று நண்பர்கள் சொல்ல நாம் அடிக்கடி கேட்கிறோம். உண்மையில் சைனஸ் நம் எல்லோருக்கும் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் அமைந்த காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். அவற்றின் உட்சவ்வு வீங்கி அழற்சி கொள்வதே நோய். ஆங்கில மருத்துவம் அதனை சைனுசைட்டிஸ் என்கிறது. நம் சித்த மருத்துவம் பீனிசம் என்று அழைக்கிறது. நீர்க்கோவை என்பதும் இதை ஒட்டிப் பேச்சில் வழங்கும் சொல்லே.

இந்நோய்க்கு நம் வீடுகளில் வைத்தியம் பல உண்டு. தேக்கா சந்தையில் துளசியும் கற்பூரவல்லியும் வாங்கலாம். சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் சுக்கும் மிளகும் திப்பிலியும் கிடைக்கும். ஆனால் எந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துதான் பயன்படுத்துகிறோமா? திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, முதலில் நோயை அறியவும், பிறகு அதன் காரணத்தை அறியவும், அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேடவும் சொல்கிறது. அந்த வரிசையிலேயே இக்கட்டுரையும் செல்லட்டும்.

நோய் எது?

நெற்றியில், கன்னங்களில், கண்களுக்கு இடையில், மூக்கின் பின்னே ஆழத்தில் என நான்கு இணைக் காற்றறைகள் நமக்கு உள்ளன. இவற்றில் ஊறும் சளியை, மயிர் போன்ற நுண்ணிழைகள் ஓயாமல் தள்ளிச் சிறு துளைகளின் வழியாக மூக்குக்குள் கொண்டுவருகின்றன. சவ்வு வீங்கினால் துளைகள் அடைபடும், சளி தேங்கும். மூக்கடைப்பு, குனிந்தால் முகத்தில் பாரம், கெட்டியான சளி, வாசனை தெரியாமை ஆகியவை இதன் அடையாளங்கள். 4 வாரங்களுக்குள் தீர்ந்தால் அது குறுகியகால நோய். 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட நோய்.

காரணம் எது?

பெரும்பாலும் சாதாரணச் சளிக் கிருமியாகிய வைரஸே காரணம். அது 7 முதல் 10 நாள்களில் தானாகவே தணியத் தொடங்கும். நூறு பேரில் ஓரிருவருக்கே அது பாக்டீரியாத் தொற்றாக மாறுகிறது. ஆகவே, சளி மஞ்சளாகிவிட்டது என்பதற்காகவே ஆன்டிபயாட்டிக் கேட்பது தேவையற்றது. வைரஸை அம்மருந்து ஒன்றும் செய்யாது.

அடுத்த காரணம் ஒவ்வாமை. சிங்கப்பூரின் ஈரப்பதமான வெப்பம் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுப்பூச்சிகளுக்கு மிகவும் ஏற்றது. படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, எத்தனையோ கஷாயங்களைவிட இவர்களுக்கு நன்மை தரும். புகையும் மூக்கின் சவ்வை உறுத்தும். 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டத்தால் நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அத்தகைய நாள்களில் சன்னலை அடைக்கும் நாம், மற்ற நாள்களில் அடுக்குமாடி வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுகிறோம். சுட்ட மஞ்சளின் புகையை முகர்வதும் இத்தகையதே. புகை எதிலிருந்து வந்தாலும் வீங்கிய சவ்வுக்கு அது புகைதான்.

தணிக்கும் வழி எது?

முதலாவது, உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். யோகப் பயிற்சியில் இதற்கு ஜலநேத்தி என்று பெயர். வீட்டு வைத்தியங்களில் ஆய்வின் ஆதரவு அதிகம் பெற்றது இதுவே. நாட்பட்ட அல்லது அடிக்கடி வரும் சைனஸ் தொல்லை உள்ள 871 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளியானது. உப்புநீரால் கழுவியவர்களுக்கு ஓரளவு நன்மை கிடைத்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்ததைத் தவிர வேறு பலன் தென்படவில்லை.

செய்யும் முறை எளிது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி, அயோடின் சேர்க்காத தூள் உப்பு போதும். தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மேலே இருக்கும் நாசித்துளையில் மெல்ல ஊற்ற வேண்டும். நீர் மறு துளையின் வழியே வெளியேறும். பின் மூக்கை அழுத்தாமல் சிந்த வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நீரைக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். நம் குழாய்நீர் குடிக்கத் தகுந்தது. ஆனால் வயிற்றில் அமிலம் இருக்கிறது. மூக்கில் அது இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கொதிக்க வைக்காத குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர். நீர் ஊற்றும் பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆவி பிடித்தல். நொச்சி இலையோ துளசியோ போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். ஆனால் இதமே அதன் பயன். நோய் அதனால் விரைவில் தீராது. ஆபத்தோ பெரிது. கோவிட் பரவிய 2020இல், ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டி வெந்துபோன குழந்தைகள் கூடிவிட்டதாக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மருத்துவர்கள் எச்சரித்தனர். குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். பெரியவர்களும் பாத்திரத்தை மடியில் வைக்காமல், அசையாத மேசைமீது வைப்பது நல்லது. வெந்நீர்க் குளியலின் ஆவியே பலருக்குப் போதும்.

மூன்றாவது, தைலம். ஊருக்குச் செல்லும் நம்மவர் பெட்டியில் தவறாமல் இடம்பெறும் கோடாலித் தைலம், லியோங் யுன் சீ என்பவர் 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய வணிகச் சின்னம். இத்தகைய தைலங்களில் உள்ள மென்தால் அடைப்பைத் திறப்பதாக நாம் நினைக்கிறோம். அளந்து பார்த்தால் மூக்கினுள் செல்லும் காற்று கூடுவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு ஏற்பிகளை மென்தால் தூண்டுகிறது. அதனால் மூச்சு எளிதாக வருவதாகத் தோன்றுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூடியன் இருவருக்கும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெரியவர்களுக்கு அந்த இதம் தீங்கற்றது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரமோ மென்தாலோ கலந்த தைலத்தைத் தடவக் கூடாது. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக் காரணமாகும் ‘ஜி6பிடி’ என்ற நொதிக் குறைபாட்டை, 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளிடம் பரிசோதித்து வருகிறார்கள். அக்குறைபாடு உள்ளவர்களின் வீட்டில் அந்துருண்டை அறவே கூடாது. கற்பூரத்திலும் எச்சரிக்கை வேண்டும். குழந்தையைப் பார்க்க வரும் பாட்டிமார்களிடமும் பெற்றோர் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

நான்காவது, உணவும் பானமும். மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் சூடாகத் தொண்டையில் இறங்கும்போது சளி இளகுவதையும் மூக்கு ஒழுகுவதையும் நாம் அறிவோம். தாராளமாக அருந்தலாம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், மஞ்சளையும் இஞ்சியையும் மாத்திரையாக உட்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டால் வலி மரத்தது போலிருக்கும். தோல் எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

10 நாள்களுக்கு மேலும் குறையாவிட்டால், அல்லது குறைந்து வந்த நோய் மீண்டும் காய்ச்சலோடு கூடினால், பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. தொற்று கண்ணுக்கோ மூளைக்கோ பரவுவதன் அறிகுறிகள் அவை. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நம் முன்னோரின் கைவைத்தியத்தைப் பழமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. பழமை என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் வேண்டியதில்லை. அடுத்த முறை மூக்கடைத்தால் போர்வையைத் தேடும் முன், ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பிட்டு, ஆற வையுங்கள். ரசம் அருந்தி ஓய்வெடுங்கள். நாள்களை மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.