பீடி பிடிக்காத அப்பத்தாவுக்கு ஏன் மூச்சிரைப்பு?

எங்க அப்பத்தா பீடியே தொட்டதில்லை. ஆனாலும் குடம் தூக்கினா மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்து, "நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்" என்றார் டாக்டர். பீடி, சிகரெட்டால் மட்டுமல்ல, விறகு அடுப்புப் புகையாலும் இது வருமாம்.

புகை மூச்சுக்குழாய்களை வீங்க வைக்கும், சளி சேரும், காற்றுப்பைகள் சிதையும். உள்ளே போன காற்று முழுசா வெளியே வராது. 2021-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். இது ஒட்டுவாரொட்டி அல்ல. முழுக்கக் குணமாகாது, இன்ஹேலர் மருந்தால் மூச்சிரைப்பு குறையும்.

எங்க வீட்டில் கேஸ் இருக்கு. ஆனா சிலிண்டர் தீர்ந்திடும்னு அம்மா விறகில்தான் உலை வைப்பாங்க. ஊதாங்குழல் ஊதுறது நான்! போன வாரம் அடுப்பை வெளித் திண்ணைக்கு மாத்திட்டோம். தோழிகளே, உங்க வீட்டுப் புகை எங்கே போகுது?