மாட்டுச் சாளையில் ஒரு வாரம்: யார்க்‌ஷர் டேல்ஸ் பார்ன் காட்டேஜுக்கு முதல்முறை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"காசு குடுத்து மாட்டுச் சாளையில போயிப் படுக்கப் போறயா கண்ணு?"

லண்டனிலிருந்து யார்க்‌ஷர் டேல்ஸுக்கு ஒரு வாரம் போகிறோம், பழைய தொழுவம் ஒன்றை வீடாக மாற்றியிருக்கிறார்கள், அதில்தான் தங்கப்போகிறோம் என்று ஃபோனில் சொன்னபோது அம்மா கேட்டது இது. எங்கள் கொங்குப் பக்கம் தொழுவத்தைச் சாளை என்போம். வீட்டுச் சாளையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கார் ஷெட் போட்டவர் அம்மா. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. என் பதில், ஆமாம்.

அதன் பிறகு நான்கைந்து முறை போய்விட்டோம். முதல் பயணத்தில் நாங்கள் பட்ட அவஸ்தைகளில் பாதி, அது மாட்டுக்காகக் கட்டிய கட்டடம் என்பதை மறந்துபோனதால் வந்தவை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி தானாகப் புரியும்.

முதலில், அது என்ன கட்டடம்?

வடக்கு இங்கிலாந்தில் இருக்கிறது யார்க்‌ஷர் டேல்ஸ். 1954 முதல் தேசியப் பூங்கா. பூங்கா என்றாலும் வேலி போட்ட காடு கிடையாது. ஊர், பண்ணை, ஆட்டு மந்தை எல்லாம் உள்ளேயே உண்டு. ஸ்வேல்டேல், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்குகளில் நின்று பார்த்தால் கல்சுவர் போட்ட புல்வயல்களும், இரண்டு மூன்று வயலுக்கு ஒன்றாகத் தனித்து நிற்கும் கல் கட்டடங்களும் தெரியும். அந்தக் கட்டடங்கள்தான் ஃபீல்ட் பார்ன்.

அதன் கணக்கு எளிமையானது. ஜூலையில் புல்லை அறுத்துக் காயவைத்து அந்த வயலில் நிற்கும் பார்னிலேயே அடைத்துவிடுவார்கள். நவம்பரிலிருந்து மே வரை நாலைந்து மாடுகள் கீழே கட்டிக் கிடக்கும். பரணிலிருந்து புல் கீழே இறங்கும். சாணம் வெளியே குவிந்து, வசந்தத்தில் அதே வயலுக்கு எருவாகப் போகும். புல்லை வீட்டுக்குச் சுமக்க வேண்டாம், எருவை வயலுக்குச் சுமக்க வேண்டாம். சுமந்தது மனுசனின் கால்கள்தான்: பனியோ மழையோ, தீனி போடவும் பால் கறக்கவும் தினம் இரண்டு நடை. டிராக்டரும் பெரிய தகர ஷெட்டும் வந்த பிறகு இந்தக் கணக்கு செல்லாக்காசானது. கூரை சரிந்தவை போக மிஞ்சியவற்றில் சிலதான் இன்று வாடகைக்கு வருகின்றன. மீதியைக் காப்பாற்ற 1989-இல் ஸ்வேல்டேல், ஆர்க்கன்கார்த்டேல் பகுதியின் பார்ன்களையும் சுவர்களையும் சேர்த்துப் பாதுகாப்புப் பகுதியாகவே அறிவித்தார்கள்.

சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என இரண்டு கல்வரிசை. நடுவில் கல் பொடியும் துண்டுகளும். இரண்டையும் பிடித்துக் கட்ட நீளக் கற்களைக் குறுக்கே செருகியிருப்பார்கள். அவற்றின் முனைகள் வெளியே வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். காற்றுக்குக் கை நுழையும் அளவில் சில வெட்டுகள். மாட்டுக்கு எதற்கு ஜன்னல்? உங்கள் அறை பகலிலும் இருட்டாக இருப்பதற்கும், அடுத்த அறைக்கு வைஃபை எட்டாததற்கும் காரணம் இந்தச் சுவர்தான்.

எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

'பார்ன் கன்வெர்ஷன்' என்று தேடினால் மூன்று வகை வரும். பண்ணை வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள கொட்டகைகளை மூன்று நான்கு காட்டேஜாகப் பிரித்தது முதல் வகை. குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி. கூப்பிடு தூரத்தில் வீட்டுக்காரர் இருப்பார். உயிருள்ள மாடுகளும் இருக்கும், விடிகாலை டிராக்டரும் இருக்கும். இரண்டாவது, வயல் நடுவே தனியாக நிற்பது. படத்தில் அழகோ அழகு. ஆனால் பால் தீர்ந்தால் கார் எடுக்க வேண்டும். மூன்றாவது, கேம்பிங் பார்ன் அல்லது பங்க் பார்ன்: நடைப்பயணிகளுக்கானது, அடுக்குக் கட்டில், பெரும்பாலும் ஸ்லீப்பிங் பேக்கை நீங்களே கொண்டுபோக வேண்டும். விலை மலிவு, தூக்கம் அதிர்ஷ்டம்.

படங்களை நம்பாதீர்கள், தரைப்படம் கேளுங்கள். வெளிச்சம் மேலே இருப்பதால் பல பார்ன்களில் வீடு தலைகீழாக இருக்கும்: படுக்கையறை கீழே, கூடமும் அடுப்பும் மேலே. முட்டிவலி உள்ள பெரியவர்கள் வந்தால் காபிக்கும் படி ஏற வேண்டும். 'மெஸனைன்' என்று போட்டிருந்தால் அது பழைய பரண், கதவு இருக்காது. மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் இந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கவும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: எந்த மொபைல் கம்பெனி சிக்னல் கிடைக்கும், கடைசி ஒரு மைல் சாலை எப்படி, சூடேற்ற என்ன எரிபொருள், விறகு வாடகையில் சேர்த்தியா, படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா, தண்ணீர் பொதுக் குழாயில் வருவதா ஊற்று நீரா. வெள்ளி முதல் வெள்ளி, சனி முதல் சனி என்றுதான் பல இடங்களில் வாரம் கணக்காகும். பள்ளி விடுமுறையில் வாடகை எகிறும். மே இறுதி விடுமுறையைத் தாண்டி ஜூன் நடுவில் போக முடிந்தால் போங்கள். புல்வயல் பூத்துக் கிடக்கும் காலம் அது.

சமையலறைக்கு மூட்டை கட்டுவது

நம் வீட்டு அலுமினியக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன். புறப்படும் முன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக் குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எடுத்துப் போகலாம், ஒட்டாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். வாணலி ஒன்று, தோசைக்கல் வேண்டுமென்றால் இரும்பில் ஒன்று, காபி ஃபில்டர், பெருங்காயம், கறிவேப்பிலை. மிக்ஸி எடுத்துப் போகாதீர்கள், பொடிகள் போதும். ஸ்கிப்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு. அங்கேயே அரிசி, காய் வாங்கிவிட்டுப் பள்ளத்தாக்குக்குள் நுழைவது நல்லது.

தாளிப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கூரை வரை திறந்த ஒரே கூடத்தில்தான் அடுப்பும் இருக்கும். முதல்நாள் இரவு என் மனைவி காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டதும், உத்தரத்தின் உச்சியில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. எட்டாத உயரம். துடைப்பத்தின் நுனியில் துண்டைக் கட்டி, பழைய வண்டிக் கதவு இருந்த பெரிய கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து, நான் விசிற, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாளிப்பதற்கு முன்பே கதவைத் திறங்கள்.

போய்ச் சேர்வது

லண்டனிலிருந்து ஹாஸ் போன்ற ஊருக்குச் சுமார் 250 மைல். கடைசிப் பத்து மைல்தான் பயணமே. கிராமப்புறத்தில் ஒரே போஸ்ட்கோடு பல பண்ணைகளுக்குப் பொது. ஜிபிஎஸ் உங்களை யாரோ ஒருவர் வீட்டுக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தும். வீட்டுக்காரர் அனுப்பும் வழிக்குறிப்பைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாவி பெரும்பாலும் கதவருகே எண் பூட்டுப் பெட்டியில் இருக்கும். அந்த எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறது என்று நான் இருந்தேன். சிக்னல் இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒற்றைத் தடச் சாலையில் ஒதுங்கும் இடம் இடப்பக்கம் வந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று எதிர் வண்டியை அதற்குள் போகவிடுங்கள். மேடேறி வருபவருக்கு வழி விடுவது மரியாதை. ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பின்னோக்கி ஓட்டத் தெரியாதவர்கள் கிளம்பும் முன் இரண்டு நாள் பழகிக்கொள்வது நல்லது. கதவு போட்ட பாதை வந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி விட்டுப்போங்கள். திறந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் மூடினால், அந்தப் பக்கத்து ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போகலாம்.

டிசம்பரில் நாலு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். வழக்கமாகச் சாவி கிடைக்கும் நேரமும் நாலு மணி. டார்ச் அவசியம்.

அடுப்பு மூட்டுவது

குளிர்காலத்தில் இது தெரியாமல் போனால் விடுமுறை போச்சு. இரும்பு விறகடுப்பு, கண்ணாடிக் கதவு, கீழேயோ மேலேயோ காற்றுக்கு ஒரு நெம்புகோல். நம் ஊர் விறகடுப்புப் பழக்கத்தில் சுள்ளியை அடியில் வைத்து ஊதத் தோன்றும். இங்கே தலைகீழ். காற்று நெம்புகோலை முழுதாகத் திறங்கள். சிறிய விறகு இரண்டைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். அதன்மேல் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று அடுக்கு. உச்சியில் ஒரு தீமூட்டிக் கட்டி. பற்றவைத்து, கதவை விரல் நுழையும் அளவு திறந்தே விடுங்கள். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். புகைக்குழாய் முதலில் சூடாவதால் புகை கூடத்துக்குள் திரும்பாது. ஐந்து நிமிடத்தில் கதவை மூடிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கண்ணாடி கறுத்துக்கொண்டே போனால் விறகு ஈரம் என்று அர்த்தம். இங்கிலாந்தில் 2021 முதல் சிறு கட்டுகளாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். பெட்ரோல் பங்கில் விற்கும் கட்டையே பரவாயில்லை. வேலியோரம் கிடக்கும் மரத்தைப் பொறுக்கி வராதீர்கள். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி வெளியே கல்தரையில் வையுங்கள். ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே என்று முதலில் பாருங்கள், அதன் பேட்டரியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

தரைக்கடியில் சூடேற்றும் வசதி இருந்தால் அதன் திருகைத் தொடவே வேண்டாம். கல்தரை சூடாக அரைநாள் ஆகும். குளிர்கிறதே என்று மாலையில் கூட்டிவைத்தால் நடுச்சாமத்தில் வியர்க்கும்.

சிங்க்கில் எண்ணெய் ஊற்றாதீர்கள்

பெரும்பாலும் சாக்கடை இணைப்பு கிடையாது. கழிவெல்லாம் வயலுக்கடியில் உள்ள செப்டிக் டேங்க்குக்குப் போகிறது. வடை சுட்ட எண்ணெய், ஈரத் துடைப்புத் தாள், ப்ளீச் மூன்றும் அதற்கு எமன். எண்ணெயை ஆறவைத்துப் பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

வெளியே நடப்பது

ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தில் டேல்ஸின் வடக்குக்கும் நடுவுக்கும் ஓஎல் 30, தெற்குக்கும் மேற்குக்கும் ஓஎல் 2. காகிதத்தில் வாங்குங்கள். பாதையோரக் கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு. நீலம் குதிரை, சைக்கிளுக்கும் உண்டு. தனியார் வயலுக்குள்ளேயே பொதுப் பாதை போகும், பயப்பட வேண்டாம். ம்யூக்கர் ஊரின் பூவயல்களில் பலகைக்கல் பாவிய ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகவே நடக்க வேண்டும். பூவாகத் தெரிவது அவர்களுக்கு வெள்ளாமை; மிதித்த புல்லை அறுக்க முடியாது.

கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாய் கூட வந்திருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள். மல்லாந்து கிடந்து காலுதைக்கும் செம்மறியைக் கண்டால் விளையாடுகிறது என்று நினைக்காதீர்கள். கம்பளிக் கனத்தில் எழ முடியாமல் கிடக்கிறது, விட்டால் செத்துப்போகும். பண்ணைக்காரரிடம் சொல்லுங்கள், யாரும் இல்லையென்றால் நீங்களே புரட்டி, நிதானம் வரும்வரை பிடித்திருங்கள்.

சிக்னல் இல்லாத ஊர் என்பதால் ஒன்று. உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு எந்தக் கம்பெனி சிக்னல் இருந்தாலும் அவசர உதவி எண்ணான 999 போகும். குறுஞ்செய்தியிலும் உதவி கேட்கலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாலம் கோவ் பாறைச்சுவர், 24 வளைவுகளோடு நிற்கும் ரிபிள்ஹெட் ரயில் பாலம், ஐஸ்கார்த் அருவி எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். ஹாஸுக்குச் செவ்வாயன்று போங்கள், சந்தை நாள். இரவில் ஒரு விளக்கும் இல்லாமல் வெளியே பத்து நிமிடம் நில்லுங்கள்; 2020 முதல் டேல்ஸ் ஓர் இருள்வானக் காப்பகம். எரு தெளிக்கும் வாரமாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நட்சத்திரம் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக வீட்டுக்காரரிடம் புகார் சொல்லாதீர்கள், சிரிப்பார்.

கிளம்பும் நாள்

பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். பாத்திரம் கழுவி, குப்பை பிரித்து, சேற்று பூட்ஸ் தடத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

நாங்கள் முதலில் தங்கிய பார்னில் கீழறைச் சுவரோரம் தட்டைக் கற்பலகைகளை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். மாட்டுக்கு மாடு தடுக்கும் பலகை. உள்ளூரில் பாஸ்கின் என்கிறார்கள். ஒன்றின் ஓரம் மாட்டின் கழுத்து உரசி உரசி வழவழவென்று பளிங்காகியிருந்தது. சாவியைப் பெட்டியில் போடுவதற்கு முன் அதைப் படமெடுத்து, ஸ்கிப்டனில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே ஃபோன் வந்தது. "எத்தன மாடு கட்டியிருப்பாங்க?"

"எட்டு இருக்கும்மா."

"நம்ம சாளையில ஆறு," என்றார். பிறகு ஒவ்வொன்றின் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் காரை ஓரம் கட்டினேன்.