மழைநாளில் மஞ்சள் கை

கேள்வி: இங்கே மழை பிடித்தால் விடுவதில்லை. வீட்டுக்குள் அடைபட்ட என் மூன்று வயது மகள் சாயம் கேட்டு அடம்பிடிக்கிறாள். வாயில் வைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பிரிஞ்சாங்

பதில்: சாயக்கடை உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது, சகோதரி. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். வெள்ளைத் தாளில் விரலாலேயே பூசட்டும். காய்ந்ததும், சோப்புத் தண்ணீரில் தோய்த்த தூரிகையை நீட்டுங்கள். கோடு விழுந்த இடமெல்லாம் செங்காவியாகச் சிவக்கும். மகள் கூச்சல் போட்டு உங்களைக் கூப்பிடுவாள். மஞ்சளில் உள்ள குர்குமின், சோப்பில் உள்ள காரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். சுண்ணாம்பும் இதைச் செய்யும். ஆனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

பழுப்பு நிறத்துக்குத் தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழுப்புச் சாயத்துக்குக் கடைக்குப் போவானேன்!

பிசைய ஆசைப்பட்டால் இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, அளவாய்த் தண்ணீர். உப்பு அதிகம் என்பதால் விழுங்கவிடாதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள்.

பழைய சட்டையை மாட்டி, சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்துவிடுங்கள். துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் மங்கிவிடும். உங்கள் ஊரில் அந்த வெயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். சுவரை மட்டும் தொடவிடாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் மஞ்சள் ஏறினால், மறுபடி வெள்ளையடிக்கத்தான் வேண்டும்.